அரை டாக்டரின் மூன்றாவது திருத்தம்

மருந்துக்கடையில் இருபத்தொன்பது வருடமாகக் கத்தரிக்கோல் பிடிப்பவர் அவர். தன்னைவிட அவர்தான் அதிகம் வெட்டியிருப்பார் என்று அடுத்த வாசல் தையற்காரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்து மாத்திரை உள்ள அட்டையில் மூன்று வேண்டுமா, மூன்று. ஐந்து வேண்டுமா, ஐந்து. அவர் வெட்டினால் பக்கத்து மாத்திரைக்குத் தெரியாது. வெட்டியதைச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, கவரின் மேல் பேனாவால் படம் வரைந்து கொடுப்பார். கோட்டுக்கு மேல் பாதி எட்டிப் பார்க்கும் சூரியன் என்றால் காலை. முழுச் சூரியன் மதியம். பிறை நிலா இரவு. சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை என்றால் சூரியனுக்குச் சிரித்த வாய் இருக்கும். வெறும் வயிற்றில் என்றால் வாயே இருக்காது. படிக்கத் தெரிந்தவர்கள்கூட அந்தப் படத்துக்காகவே அவரிடம் வந்தார்கள்.

கடைச் சுவரில் கண்ணாடி போட்ட மருந்தாளுநர் சான்றிதழ் ஒன்று தொங்கியது. முதலாளியின் மருமகள் படித்து வாங்கியது. சான்றிதழ் தினமும் வேலைக்கு வந்துவிடும். மருமகள் மாதத்துக்கு ஒரு தடவை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் அதற்குக் கீழே நின்று பேசுவது இவர்தான். அதனால் தெரு அவருக்கு ‘அரை டாக்டர்’ என்று பட்டம் கொடுத்திருந்தது. கேலிக்குக் கொடுத்ததுதான். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதி அரையைப் படித்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

பட்டத்துக்கு ஆதாரமாக அவரிடம் இரண்டு கதைகள் இருந்தன. முதல் கதையில், ஒரு பெரிய டாக்டர் குழந்தை ஒன்றுக்குப் பெரியவர்களுக்கான அளவில் மருந்து எழுதிவிட்டார். இவர் சீட்டைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், போன் செய்தார். டாக்டர் நன்றி சொன்னார். இரண்டாவது கதையில் ஒரு ரத்த அழுத்தக்காரருக்கு நாளுக்கு ஒன்று என்பது நாளுக்கு மூன்று என்று வந்திருந்தது. அதற்கும் போன், அதற்கும் நன்றி. இரண்டும் உண்மையாகவே நடந்தவை. சொல்லச் சொல்ல முதல் கதையின் குழந்தைக்கு வயது குறைந்துகொண்டே வந்தது என்பதைத் தவிர வேறு பொய் கிடையாது. ஆரம்பத்தில் எட்டு வயதாக இருந்த பிள்ளை, இப்போது தவழ ஆரம்பித்திருந்தது.

அவர் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் தலையாயது வலி மாத்திரை பற்றியது. யாராவது உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். “அது லிவரைத் தின்னுடுங்க. ஜுரத்துக்கு ஒண்ணு ரெண்டு போடலாம். வலிக்கு இதைப் போடுங்க” என்று ஆரஞ்சு நிற மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். இந்த ஞானம் அவருக்கு வந்தது ஒரு மருந்துக் கம்பெனி ஆளிடமிருந்து. பல வருடத்துக்கு முன் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே அந்த ஆள் சொன்னான். அன்றைக்கு அவன் விற்க வந்ததும் அதே ஆரஞ்சு மாத்திரைதான் என்பது இவருக்கு ஏனோ உறைக்கவில்லை. பாராசிட்டமாலை அளவுக்கு மீறிப் போட்டால் கல்லீரல் கெடும் என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து ‘அளவுக்கு மீறி’ என்ற பகுதியை மட்டும் அவருடைய கத்தரிக்கோல் நறுக்கிவிட்டது.

தையற்காரர் இந்தப் பாடத்தின் முதல் மாணவர். “டாக்டர், கழுத்து” என்று இரண்டே வார்த்தை சொல்வார். ஆரஞ்சு வந்துவிடும்.

அரை டாக்டரின் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை நின்றபடி வேலை. கல்லீரல் சுருங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்த அன்று, “ஊர்ச் சட்டை சுருக்கத்தையெல்லாம் எடுத்தேன், என்னோடதை மட்டும் யாரும் எடுக்கலை பாருங்க” என்றாள். சிரிப்பு மூட்டுவதில் அவள் அவருக்கு இளைத்தவள் இல்லை. குடிக்காத பெண்ணுக்கு இது எப்படி வந்தது என்று தெரு ஆச்சரியப்பட்டது. சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு, பத்து வருடம் யாரும் கவனிக்காமல் விட்டது. அதுவும் மருந்துக்கடைக்காரர் வீட்டில்.

கல்லீரல் டாக்டர் ஒரு பெண். இவர் கடையில் சேர்ந்த வருடம் அவர் தோளில் பை மாட்டிப் பள்ளிக்கூடம் போயிருப்பார். மனைவி அவரிடம் இடுப்பு வலியைச் சொன்னபோது அரை டாக்டர் வெளியே ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு வரிசையில் நின்றிருந்தார். திரும்பி வந்து மருந்துச் சீட்டைப் பார்த்தவருக்குக் கண் நிலைகுத்திவிட்டது. வலிக்கு: பாராசிட்டமால், ஐந்நூறு மில்லிகிராம், வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது.

பஸ்ஸில் மனைவி டாக்டர் சொன்னதை ஒப்பித்தாள். வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினார்களாம். வேறு எந்த வலி மாத்திரையும் தொடக்கூடாதாம். ஜலதோஷத்துக்கு வாங்குகிற மாத்திரையிலும் இதே மருந்து கலந்திருக்குமாம், அதையும் நான்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, சின்ன வயசு டாக்டர், கூட்டம் அதிகம், கை தவறியிருக்கும் என்றார். மனைவி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் ஒரு டாக்டரின் தவறைக் கண்டுபிடிக்கும்போது முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் இரண்டு தடவையும் அவர் போன் செய்தார். இந்தத் தடவை செய்யவில்லை. போன் செய்தால் டாக்டர் மனது புண்படும், அந்தக் கோபத்தை மனைவியிடம் காட்டினால் என்ன செய்வது, நம் வீட்டு விஷயம்தானே, நாமே சரி செய்துகொள்வோம் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் இப்படி யாருக்கும் தெரியாமல், பெருமை அடித்துக்கொள்ளாமல் ஒரு நல்லது செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆரஞ்சு அட்டையை வெட்டி, கவரில் போட்டு, காலைச் சூரியனும் பிறை நிலாவும் வரைந்து, சூரியனுக்குப் பெரிய சிரிப்பாகப் போட்டுக் கொடுத்தார். மனைவி கவரைப் பிரித்தாள். ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தாள். தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

வலி நின்றுவிட்டது. அதுதான் கொடுமை. நான்காம் நாள் அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். இரண்டாவது வாரம் சலவைக் கடையில் கூடுதலாக ஒரு மூட்டைத் துணி கேட்டு வாங்கிப் போட்டாள். அவர் கடையில் தையற்காரரிடம் மூன்றாவது கதையை, ஊர் பேர் சொல்லாமல், ‘ஒரு அம்மாவுக்கு’ என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் கால் வீங்கியது. நின்று வேலை செய்தால் வீங்கும் என்றார். ஆறாவது வாரம், வெளிக்கி கறுப்பாகப் போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகும் என்றார். அது உண்மைதான், அவள் இரும்புச்சத்து மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் சொன்ன எல்லாவற்றிலும் அரை உண்மை இருந்தது. பட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் வாழ்ந்தார்.

ஏழாவது வாரம், ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவள் கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். அவர் ஓடி வந்து தாங்கியபோது, “சட்டையில பட்டுடும், தள்ளி நில்லுங்க. இது போகாத கறை” என்றாள்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய்களுக்கு வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். சாயங்காலம் கல்லீரல் டாக்டர் கட்டிலுக்கு வந்தார். அவர் முகத்தில் தூக்கம் இல்லை, கோபமும் இல்லை. வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார்.

அரை டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

“நீங்க எழுதினதுதான் டாக்டர். வெள்ளை மாத்திரை.”

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். சின்ன ஆட்டல்தான். கழுத்து வலிக்காரர் செய்கிற அளவுக்குக்கூட இல்லை. டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். வெள்ளை என்று அவள் சொன்னது காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“இஸ்திரி போடுறவளுக்குக் கலர் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் போட்டே?”

“நீங்கதான் சூரியன் வரைஞ்சு குடுத்தீங்களே.” கண்ணை மூடிக்கொண்டாள். “அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட உங்களை விட்டுக்குடுக்க முடியுமா? சும்மா இருங்க.”

சும்மா இருந்தார். அதுவரை அவருக்கு வராத கலை அது. அன்றைக்கென்று பிரமாதமாக வந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். சட்டைப் பையில் அந்தக் கவரை வைத்திருந்தார், உள்ளே இரண்டு ஆரஞ்சு மாத்திரை மிச்சம் இருந்தது. ஆனால் காலையில் மைத்துனர் வந்துவிட்டார். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவர், ஒரு நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர் வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, “எங்க மாமா இல்லன்னா அக்கா எப்பவோ போயிருக்கும். வீட்லயே டாக்டர். எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக எழுந்து உட்கார்ந்து, தனக்கு வயிறு உப்புசமாக இருப்பதைப் பற்றி இவரிடம் ஆலோசனை கேட்டார். டாக்டர் வந்தார். கேட்டார், பார்த்தார், போனார். கவர் பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் டாக்டர் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் சிறுநீர் குறைந்துவிட்டது என்றார். சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது, எதனால் என்று பிடிபடவில்லை, எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

தன் தவறு எங்கே என்று அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருடத்தில் டாக்டர்களின் தவறைத் தேடி இரண்டு கண்டுபிடித்தவருக்கு, இல்லாத தவறை ஒரு டாக்டர் தேடுவதைப் பார்க்கத் தாங்கவில்லை. பையிலிருந்து கவரை எடுத்தார். நேராகச் சொல்லத் தெரியாமல், பழக்கதோஷத்தில் முதல் கதையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஒரு பெரிய டாக்டர், ஒரு குழந்தை, தப்பான அளவு, போன் செய்தது. டாக்டர் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தடவை குழந்தைக்கு வயது எட்டாகவே இருந்தது. பிறகு ரத்த அழுத்தக்காரர். பிறகு மூன்றாவது. அங்கே வந்ததும் கவரை நீட்டினார்.

“நீங்க எழுதினது தப்புன்னு நினைச்சேன் டாக்டர். மாத்திட்டேன்.”

டாக்டர் கவரை வாங்கி மாத்திரையைக் கையில் கொட்டினார். வெட்டிய அட்டையின் பின்புறத்தில் பெயர் இல்லை, இரண்டு எழுத்துதான் இருந்தது. நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு எழுதினார். பிறகு கவரின் மேலிருந்த சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

திட்டுவார் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். டாக்டர் வகுப்பில் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். “சுருங்கின கல்லீரலுக்கு இந்த வகை வலி மாத்திரை ஆகவே ஆகாதுங்க. ரத்தக் கசிவு வரும். கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். கால்ல, வயித்துல தண்ணி கோக்கும். பாராசிட்டமால்தான் அளவோட போட்டா தாங்கும். அதனாலதான் அதை எழுதி, பக்கத்துலயே அளவையும் எழுதினேன்.”

“முந்தாநாளே சொல்லியிருந்தா?”

“சிலதை முன்னாடியே ஆரம்பிச்சிருப்பேன். பலன் இருந்திருக்குமான்னு தெரியாது.” டாக்டர் கவரை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்தார். “ஏழு வாரம் முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் எடுத்திருப்பேன்.”

அதற்குப் பிறகு எல்லாம் செய்தார்கள். மருந்தை மாற்றினார்கள், வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள், சிறுநீரகத்துக்கு ஊசி மேல் ஊசி போட்டார்கள். மாற்றுக் கல்லீரல் பற்றிக்கூடப் பேச்சு எழுந்தது. மைத்துனர் அந்த நிமிஷமே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார். அவரையும் ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். அவருடைய கல்லீரலிலும் கொழுப்பு, கொடுக்கிற நிலைமையில் இல்லை. கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொள்கிற தெம்பு அக்காவிடம் இல்லை. மூன்றாவது வாரம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்த்தே பழகியவர், இதை மட்டும் பார்க்க மாட்டேன் என்றிருந்தார்.

மாமாவைத் தாங்கிப் பேசிய மைத்துனரிடம் உண்மையை அவரே சொன்னார். மைத்துனர் நெடுநேரம் லாரிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அக்கா என்கிட்ட எதுவும் சொல்லலையே மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் தினமும் வந்தார். அக்காவோடு பேசினார். மாமாவிடம், தள்ளிக்கோங்க, தண்ணி எங்கே, இந்த இரண்டைத் தவிர வேறு பேசவில்லை.

வீட்டுக்குப் படுக்கை விரிப்பும் பஞ்சும் வாங்க அவர் ஒரு நாள் மதியம் கடைக்குப் போனார். சான்றிதழ் தன் இடத்தில் இருந்தது. அவர் உள்ளே நுழைந்ததைப் பார்த்துத் தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டியபடியே வந்துவிட்டார். இத்தனை நாள் கழுத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தாராம்.

“டாக்டர், கழுத்து” என்றார். பிறகு வழக்கத்துக்கு மாறாக இன்னும் கொஞ்சம் பேசினார். போன வாரம் ஸ்கேன் எடுத்தாராம். லிவரில் ஏதோ கோளாறு என்று சொன்னார்களாம். “அதனால அந்தப் பாராசிட்டமால் பக்கமே போகக்கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டேன். நீங்க சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு. நம்ம ஆரஞ்சே குடுங்க.”

அரை டாக்டர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்தது தப்பு என்றார். உங்கள் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஸ்கேன் எழுதியவரிடம் போய் எந்த மாத்திரை, எத்தனை என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை ஆரஞ்சைத் தொடாதீர்கள் என்றார்.

தையற்காரர் சிரித்தார். இருபது வருடமாக இந்த மனிதர் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் சிரித்த பழக்கம். “டாக்டர் இன்னைக்கு விளையாடுறார்” என்றார்.

“என் வீட்ல அதைத்தான் குடுத்தேன்” என்றார் அரை டாக்டர்.

தையற்காரர் சிரிப்பை நிறுத்தினார். நாடாவைக் கழற்றிச் சுருட்டினார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அது அவங்க விதி, உங்க கையில் என்ன இருக்கிறது, நீங்கள் எத்தனை பேருக்கு நல்லது செய்திருக்கிறீர்கள் என்று ஆறுதல் சொன்னார். பிறகு மெல்ல நழுவித் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார்.

எதிர்க் கடையில் நிற்பவன் இவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவன். தையற்காரர் இரண்டு வார்த்தை சொன்னார். அவன் ஓர் அட்டையை எடுத்தான். இங்கிருந்தே ஆரஞ்சு தெரிந்தது. வெட்டினான். கவரில் போட்டுப் பேனாவை எடுத்து வரைந்தான்.

அரை டாக்டர் தெருவைக் கடந்து ஓடினார். மூச்சு வாங்க அந்த மாத்திரை வேண்டாம் என்றார். ஏன் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். ரத்தக் கசிவு, சிறுநீரகம், தண்ணீர் கோப்பது, தாழ்வாரத்தில் கேட்டது அத்தனையும் ஒரு வரி விடாமல் சொன்னார். கடையில் நின்ற நான்கு பேரும் கேட்டார்கள். தன் வாழ்நாளில் அவர் தெருவுக்குச் சொன்ன முதல் முழு உண்மை அதுதான், ஒரு பகுதியும் நறுக்கப்படவில்லை.

“அண்ணே” என்றான் எதிர்க் கடைக்காரன். குரலில் அத்தனை மரியாதை. “நீங்க சொல்லிக் குடுத்ததுதானே இது. உட்காருங்கண்ணே. தண்ணி குடிங்க.”

தண்ணீர் குடித்தார். வீட்டில் கஷ்டம், மனுஷன் ஆடிப்போய்விட்டார் என்று யாரோ பின்னால் மெதுவாகச் சொன்னார்கள். தையற்காரர் கவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பையின் விளிம்பில் கவரின் மூலை தெரிந்தது. அதில் ஒரு சூரியன் இருந்தது. வாயும் இருந்தது. கோடு கோடாக, அவர் போடுவது மாதிரியே.

வீட்டில் மனைவியின் கட்டிலை ஜன்னல் பக்கமாகப் போட்டிருந்தார்கள். கண்ணிலும் தோலிலும் மஞ்சள் ஏறியிருந்தது. வலிக்கு மறுபடியும் அதே வெள்ளை மாத்திரைதான், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அது போதாத நாள் வந்தால் வேறு மருந்தோடு நர்ஸை அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அட்டையை வெட்டாமல் முழுசாக வாங்கி வந்தார். டாக்டருக்குப் போன் செய்து அட்டையின் பின்புறத்தை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார். பெயர், மில்லிகிராம், தேதி. சரி என்றார் டாக்டர். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் போன் செய்து அதையே படித்தார். டாக்டர் மறுபடியும் சரி என்றார். மூன்றாம் தடவையும் எடுத்தார். எடுப்பேன் என்று சொன்னவர்தானே.

காலையில் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை அழுத்தி எடுக்கப் போனவரை மனைவி தடுத்தாள்.

“என்னங்க இது, யாரோ எவரோ குடுக்கிற மாதிரி. கவர்ல போட்டுக் குடுங்க.”

வேண்டாம் என்றார். இனி யாருக்கும் கவர் கிடையாது என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். பெயர் தெரிய வேண்டும், நீ பார்த்துப் படித்துப் போட வேண்டும் என்றார்.

“இத்தனை வருஷம் படிச்சா போட்டேன்?” என்றாள்.

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வந்தார். வெட்டும்போது கத்தரிக்கோல் விலகி, பக்கத்து மாத்திரையின் ஓரமும் சேர்ந்து வெட்டுப்பட்டது. வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பக்கத்து மாத்திரைக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றைக் கவரில் போட்டார். மேலே கோடு இழுத்து, பாதிச் சூரியன் வரைந்து, அவளிடம் நீட்டினார்.

அவள் கவரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“வாய் எங்கே?”

“நீதான் மூணு நாளா சாப்பிடலையே.”

“நான் சாப்பிடலைன்னா அது என்ன பண்ணும் பாவம். போடுங்க.”

வாங்கிப் போட்டார். சிரிப்பு ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக வந்தது. அடித்துத் திருத்தப் பேனாவைத் திரும்ப வைத்தவர், வைத்தபடியே நின்றுவிட்டார்.

அதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். அவர் கவரைக் கவிழ்த்து, அட்டைத் துண்டை அழுத்தினார். உள்ளங்கையில் விழுந்தது வெள்ளையா ஆரஞ்சா என்று அவள் பார்க்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்காக அவரைப் பார்த்தாள்.